நீராவி எஞ்சினின் பிஸ்டனும் வால்வும்: பணிமனைத் தொழிலாளர்களுக்குக் கற்பிக்க முழுமையான வழிகாட்டி

டீசல், மின்சார எஞ்சின்களில் கை பழகிய தொழிலாளர்களைப் பாரம்பரிய நீராவி எஞ்சின் பராமரிப்புக்கு மாற்றும்போது அவர்கள் அதிகம் தடுமாறும் இடம் வால்வு. பாய்லரின் ஆபத்து அவர்களுக்குச் சொல்லாமலே புரிகிறது. பிஸ்டன் அவர்களுக்குப் பழகிய பொருள். வால்வு மட்டும் மூடிய பெட்டிக்குள் அசைகிறது. அதை அசைக்கும் கம்பிகள் வெளியே தெரிந்தாலும், எந்தக் கம்பி எதற்காக என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. பல பயிற்சியாளர்கள் முதல் நாளே அந்தக் கம்பிகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பெயர் தெரிந்த தொழிலாளி தேர்வில் தேறிவிடுகிறார்; எஞ்சின் முன்னால் நிற்கும்போது விழிக்கிறார்.

பிஸ்டனுக்கு எந்த நொடியில் நீராவி வேண்டும் என்பது முதலில் புரிய வேண்டும். அந்தத் தேவையை வால்வு எப்படி நிறைவேற்றுகிறது என்பது அடுத்து. வால்வை அசைக்கும் கம்பிகள் கடைசியில். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்தவை. ஆறு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு மூன்று முழு நாள்கள் தேவைப்படும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நெருப்பு இல்லாத, முழுமையாக ஆறிய எஞ்சின் ஒன்று சமதளத் தண்டவாளத்தில், முன்னும் பின்னும் ஒரு சக்கரச் சுற்று அளவுக்கு இடம் விட்டு நிற்க வேண்டும். சக்கரத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தப் பிஞ்ச் பார், குறியிடச் சுண்ணக்கட்டி, அளவுகோல், இரண்டு சக்கரக் கட்டைகள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கழற்றி வைத்த பழைய பிஸ்டன் வால்வு ஒன்றும், தேய்ந்த ரிங்குகள் (நீராவி கடந்து போகாமல் அடைக்கும் வளையங்கள்) சிலவும் கிடைத்தால் பாடத்தின் பாதிச் சுமை குறைந்துவிடும்.

ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரியை நீங்களே செய்துகொள்ளுங்கள். கிராங்க்கின் (பிஸ்டனின் அசைவால் சக்கரத்தைச் சுழற்றும் கை) ஆரம் 120 மி.மீ.; எனவே பிஸ்டனின் ஓட்டம் 240 மி.மீ. வால்வுக்கு ஒரு நீண்ட அட்டை எடுத்து, அதில் 30 மி.மீ. அகலமுள்ள இரண்டு போர்ட்டுகளை (சிலிண்டருக்கு நீராவி போய் வரும் வாய்களை), அவற்றின் உள்விளிம்புகளுக்கு இடையே 200 மி.மீ. இருக்குமாறு வரையுங்கள். அவற்றின்மேல் நகரும் வால்வுகள் இரண்டு வேண்டும். ஒன்றில் தலைகளின் அகலம் 30 மி.மீ.; அவை போர்ட்டுகளைச் சரியாக மூடும். மற்றொன்றில் 50 மி.மீ.; கூடுதலான 20 மி.மீ. உட்பக்கமாக நீண்டிருக்கும். இந்த 20 மி.மீ. எதற்கு என்பதை ஐந்தாம் படி வரை யாருக்கும் சொல்லாதீர்கள். பயிற்சி பெறுபவர்கள் அதைத் தாங்களே கேட்கும் நேரம் வரும். அப்போது சொன்னால் மறக்க மாட்டார்கள்.

உண்மையான எஞ்சினில் கை வைக்கும் முன், பாய்லரிலிருந்து நீராவியை விடும் ரெகுலேட்டர் மூடிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஓடும் திசையை மாற்றும் ரிவர்சர் நடுவில் இருக்க வேண்டும். சிலிண்டரின் இரு முனைகளிலும் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் காக்குகள் திறந்திருக்க வேண்டும். பிஞ்ச் பார் போடும் நேரத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் கை பிரேக் இறுகியும் சக்கரக் கட்டைகள் பொருந்தியும் இருக்க வேண்டும். காக்குகளைத் திறப்பதற்குக் காரணம் இரண்டு. உள்ளே அழுத்தம் தங்காது. சக்கரத்தை நகர்த்தும்போது அடைபட்ட காற்று பிஸ்டனை எதிர்த்துத் தள்ளாது. பிஞ்ச் பார் பிடிப்பவர் குரல் கொடுத்து, மற்றவர்கள் அனைவரும் பதில் குரல் கொடுத்த பிறகே சக்கரம் அசைய வேண்டும். கிராஸ்ஹெட்டுக்கும் (பிஸ்டன் ராடும் கனெக்டிங் ராடும் சேரும் கட்டை) அது வழுக்கி ஓடும் கைடு பாருக்கும் இடையில் விரல் வைத்துக்கொண்டு விளக்கம் கேட்கும் பழக்கம் புதியவர்கள் எல்லோரிடமும் உண்டு; முதல் மணி நேரத்திலேயே அதைக் கண்டிப்போடு நிறுத்துங்கள்.

2. முதலில் பிஸ்டன் மட்டும்

மாதிரியில் வால்வை எடுத்துவிட்டு, பிஸ்டனும் சிலிண்டரும் மட்டும் இருக்கும்படி வைத்துத் தொடங்குங்கள். பிஸ்டனின் இரு பக்கங்களிலும் நீராவி மாறி மாறித் தள்ளுகிறது என்பதே முதல் பாடம். டீசல் எஞ்சினில் பழகியவர் நான்கு ஓட்டங்களுக்கு ஒரு வேலை ஓட்டம் என்ற கணக்கை மனத்தில் வைத்திருப்பார். இங்கே ஒவ்வோர் ஓட்டமும் வேலை ஓட்டம்தான் என்பதை அவர் கையால் பிஸ்டனைத் தள்ளிப் பார்த்தே ஏற்க வேண்டும்.

விசையின் அளவை எண்ணில் சொல்லுங்கள். இன்றும் ரேவாரி நீராவிப் பணிமனையில் பராமரிக்கப்படும் டபிள்யூ.பி. வகைப் பயணி ரயில் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 20¼ அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 28 அங்குலம், பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. பிஸ்டன் முகப்பின் பரப்பு ஏறக்குறைய 322 சதுர அங்குலம். முழு அழுத்தமும் அதன்மேல் விழுந்தால் விசை சுமார் 30 டன். இந்தக் கணக்கைத் தொழிலாளர்களே கரும்பலகையில் போடட்டும். ஒரு பக்கம் மட்டும் 30 டன் என்று தாமே கண்டவர், கிராஸ்ஹெட் காட்டர் (பிஸ்டன் ராடை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு) தளர்ந்திருப்பதைப் பார்த்தும் அடுத்த வாரம் கவனிக்கலாம் என்று விட்டுவிட மாட்டார்.

பிஸ்டனின் பின்முகத்தில் ராடு இருப்பதால் அங்கே பரப்பு சற்றுக் குறைவு என்பதையும் இதே இடத்தில் சொல்லிவிடுங்கள்.

3. டெட் சென்டரும் 90 பாகை இடைவெளியும்

இப்போது கனெக்டிங் ராடையும் கிராங்க்கையும் இணைத்து, பிஸ்டனை ஒரு முனைக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அங்கிருந்து எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் சக்கரம் சுழலாது. விசை முழுவதும் அச்சை நோக்கியே செல்கிறது. இதுதான் டெட் சென்டர். ஒவ்வொருவரும் ஒருமுறை தள்ளித் தோற்க வேண்டும். வாயால் விளக்கினால் தலையாட்டுவார்கள். கையால் தோற்றால்தான் அடுத்த கேள்வி பிறக்கும்: அப்படியானால் எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது?

வலப்பக்கக் கிராங்க்கும் இடப்பக்கக் கிராங்க்கும் ஒன்றுக்கொன்று 90 பாகை தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால், ஒரு பக்கம் டெட் சென்டரில் நிற்கும்போது மற்றப் பக்கம் மிகுந்த திருப்புவிசை தரும் நிலையில் இருக்கிறது. இதை இங்கேயே உறுதியாகப் பதிய வையுங்கள். கடைசியில் வரும் ஒழுகல் சோதனை முழுவதும் இந்த ஓர் உண்மையின்மேல்தான் நிற்கிறது.

கிராங்க் பின் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் முளை) நேர் மேலே இருக்கும்போது பிஸ்டன் சரியாக நடுவில் இருக்காது என்பதும் மாதிரியில் தெரியும். கனெக்டிங் ராடு சாய்ந்திருப்பதால் பிஸ்டன் நடுவைவிடச் சற்றுப் பின்னால், சக்கரத்தின் பக்கமாகத் தள்ளி நிற்கும். யாராவது அளந்து பார்த்து இதைக் கேட்டால் பாராட்டிக் காரணத்தைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் இப்போது விட்டுவிடலாம்.

4. லேப் இல்லாத வால்வு

இனி 30 மி.மீ. தலைகள் கொண்ட வால்வை மாதிரியில் வையுங்கள். இந்த வழிகாட்டி உட்புற நுழைவு வால்வை எடுத்துக்கொள்கிறது: புது நீராவி இரு தலைகளுக்கும் நடுவே வந்து நிற்கும், வேலை முடித்த நீராவி தலைகளுக்கு வெளிப்புறமாகப் போய்ப் புகைபோக்கியை அடையும். நடுப்பகுதியைச் சிவப்பாகவும் இரு வெளிப்பகுதிகளையும் நீலமாகவும் தீட்டிவிட்டால், எந்த நிலையிலும் எந்தப் போர்ட்டில் எந்த நிறம் எட்டிப் பார்க்கிறது என்று கேட்டாலே போதும்.

வால்வு நடுவில் இருந்தால் இரு போர்ட்டுகளும் மூடியிருக்கும். முன்னால் நகர்த்தினால் முன் போர்ட்டில் சிவப்பும் பின் போர்ட்டில் நீலமும் தெரியும். பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ள இதுதான் வேண்டும். பின்னால் நகர்த்தினால் இது தலைகீழாகும். ஒருவர் பிஸ்டனையும் மற்றொருவர் வால்வையும் பிடித்துக்கொண்டு, சக்கரம் ஒரே திசையில் சுழலும்படி இருவரும் சேர்ந்து நகர்த்தட்டும். வால்வைப் பிடித்தவர் தொடக்கத்தில் எப்போதும் பின்தங்குவார். பிஸ்டன் முனைக்கு வந்த பிறகுதான் வால்வை நகர்த்த வேண்டும் என்று அவர் நினைப்பதே காரணம். பிஸ்டன் முனையைத் தொடும் நேரத்தில் வால்வு ஏற்கெனவே ஓடத் தொடங்கி நடுவைக் கடந்துகொண்டிருக்க வேண்டும். இருவரின் கையசைவும் கால் சுற்று தள்ளி நடந்தால்தான் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது என்பதை அரை மணி நேரத்தில் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று இங்கே வெளிப்படும். பிஸ்டன் டெட் சென்டரில் நிற்கும் படத்தை வரையச் சொன்னால், பத்துப் பேரில் எட்டுப் பேர் போர்ட் அகலமாகத் திறந்திருப்பதாக வரைவார்கள். அந்த நேரத்தில்தான் நீராவி அதிகம் தேவை என்பது அவர்களின் எண்ணம். டெட் சென்டரில் பிஸ்டன் கணநேரம் நிற்கிறது; அதன் வேகம் உச்சம் அடைவது நடு ஓட்டத்தை ஒட்டி; அகலத் திறப்பு தேவைப்படுவதும் அங்கேதான். படத்தை அழித்து மீண்டும் வரையச் சொல்லுங்கள்.

5. லேப், பிறகு லீட்

இப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த 30 மி.மீ. வால்வில் நீராவி எப்போது நிற்கிறது? ஓட்டம் முழுவதும் நுழைந்துகொண்டே இருந்து, கடைசி முனையில்தான் நிற்கிறது. அப்போது சிலிண்டரில் இருப்பது முழு அழுத்தமுள்ள நீராவி. அடுத்த நொடியே அதைப் புகைபோக்கி வழியாக வெளியே விட்டுவிடுகிறோம். விரிந்து வேலை செய்யும் ஆற்றல் முழுவதும் வீணாகிறது. இதைச் சொன்னவுடன் குழுவில் ஒருவராவது, நீராவியை வழியிலேயே நிறுத்த முடியாதா என்று கேட்பார். 50 மி.மீ. தலை கொண்ட வால்வை அப்போது எடுங்கள்.

உட்பக்கம் கூடுதலாக உள்ள 20 மி.மீ. தான் லேப். வால்வு நடுவிலிருந்து 20 மி.மீ. நகர்ந்த பிறகே போர்ட் திறக்கத் தொடங்கும். திரும்பி வரும்போது நடுவுக்கு 20 மி.மீ. முன்பே மூடிவிடும். எனவே பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போதே நீராவி நின்று, உள்ளே இருப்பது விரிந்து தள்ளுகிறது. வெளிப்பக்க விளிம்பு பழைய இடத்திலேயே இருப்பதால், வால்வு நடுவைக் கடக்கும்போது வெளியேற்றம் திறக்கிறது. எதிர்த்திசையில் கடக்கும்போது மூடுகிறது. மூடிய பிறகு எஞ்சியிருக்கும் நீராவி அழுத்தப்பட்டு, வரும் பிஸ்டனுக்கு மெத்தைபோல் நின்று தாங்குகிறது.

லேப் சேர்த்ததும் ஒரு சிக்கல் வரும். நான்காம் படியில் கண்ட கால் சுற்று இடைவெளியிலேயே வால்வை ஓட்டினால், டெட் சென்டரில் வால்வு நடுவில் இருக்கும்; போர்ட் திறக்க இன்னும் 20 மி.மீ. பாக்கி, பிஸ்டன் புறப்பட்ட பிறகு நீராவி தாமதமாக வந்து சேரும். ஆகவே டெட் சென்டரில் வால்வு ஏற்கெனவே 20 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். அதற்கும் மேல் இன்னும் 4 மி.மீ. தள்ளினால், பிஸ்டன் திரும்பும் முன்பே சிலிண்டர் மூடிக்கும் பிஸ்டனுக்கும் இடையேயுள்ள சிறு வெளி நீராவியால் நிரம்பிவிடும். அந்த 4 மி.மீ. தான் லீட்.

லேப் வால்வின் உடலில் இருக்கும் அளவு. வால்வைக் கழற்றி மேசையில் வைத்தாலும் அளக்கலாம். லீட் ஓடும் நிலையில் இருக்கும் அளவு. பொருத்திய பிறகே அளக்க முடியும். இந்த வேறுபாட்டை ஒவ்வொருவரும் தம் சொற்களில் சொல்லும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டையும் குழப்பிக்கொண்ட ஒருவர் லீட் குறைகிறது என்பதற்காக வால்வின் தலையைக் கடைசலில் குறைக்க முனைந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்திருந்தால் லேப் போயிருக்கும்; அந்த வால்வும் குப்பைக்குப் போயிருக்கும்.

6. வால்ஷார்ட்ஸ் கியர்: இரண்டு அசைவுகளின் கூட்டல்

முதல் நாள் முடிவில் தொழிலாளியின் மனத்தில் இரண்டு தேவைகள் தெளிவாக நிற்க வேண்டும். டெட் சென்டரில் வால்வு லேப்பும் லீட்டும் சேர்ந்த 24 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். அதோடு, பிஸ்டனிலிருந்து கால் சுற்று விலகி நடக்கும் பெரிய அசைவு ஒன்றும் வேண்டும். வால்வை அசைக்கும் கம்பிகளின் அமைப்பான வால்ஷார்ட்ஸ் கியர் இவ்விரண்டையும் தனித்தனியாக எடுத்து ஒரே லீவரில் கூட்டுகிறது. இரண்டாம் நாள் காலையில் இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன்பின் கம்பிகளின் பெயர்களுக்கு வாருங்கள்.

முதல் அசைவு கிராஸ்ஹெட்டிலிருந்து வருகிறது. யூனியன் லிங்க் வழியாகக் காம்பினேஷன் லீவரின் கீழ்முனை பிஸ்டனோடு சேர்ந்து முன்னும் பின்னும் போகிறது. நம் மாதிரியில் அந்த லீவரின் மேல் பின்னுக்கும் கீழ்ப் பின்னுக்கும் இடையே 300 மி.மீ. வையுங்கள், வால்வு ராடு இணையும் பின்னை மேல் பின்னுக்கு 60 மி.மீ. கீழே போடுங்கள். விகிதம் ஐந்தில் ஒன்று. கீழ்முனை 240 மி.மீ. ஓடினால் வால்வு 48 மி.மீ. ஓடும், நடுவிலிருந்து இருபுறமும் 24 மி.மீ. லேப்பும் லீட்டும் சேர்ந்த அளவு அப்படியே வந்துவிட்டது. இந்தக் கணக்கு சரியாக வரும் கணத்தில் தொழிலாளர்களின் முகத்தைப் பார்ப்பதற்காகவே ஒருவர் பயிற்சியாளராக இருக்கலாம்.

இரண்டாம் அசைவு ரிட்டர்ன் கிராங்க்கிலிருந்து வருகிறது. அது முதன்மைக் கிராங்க்கிலிருந்து 90 பாகை தள்ளி இருக்கிறது. எக்சென்ட்ரிக் ராடு வழியாக எக்ஸ்பான்ஷன் லிங்க்கை ஊசலாட்டுகிறது. லிங்க்கின் வளைந்த பள்ளத்தில், ரிவர்சரைச் சுற்றும்போது மேலும் கீழும் நகரும் டை பிளாக், ரேடியஸ் ராடு மூலம் காம்பினேஷன் லீவரின் மேல்முனையைத் தள்ளி இழுக்கிறது. டை பிளாக் லிங்க்கின் நடுவச்சில் இருந்தால் இரண்டாம் அசைவு சுழி. நடுவை விட்டு விலக விலக அசைவு பெரிதாகும். நடுவுக்கு மறுபுறம் போனால் திசை மாறும். எஞ்சின் பின்னோக்கி ஓடுவதற்கு வேறு எதுவும் தேவையில்லை.

காம்பினேஷன் லீவரின் மேல்முனையில் எந்தப் பின் மேலே, எந்தப் பின் கீழே என்பதில் தவறு நேர்வது வழக்கம். உட்புற நுழைவு வால்வில் ரேடியஸ் ராடு மேலே, வால்வு ராடு அதற்குக் கீழே. வெளிப்புற நுழைவு வால்வில் வரிசை மாறும். காரணம் எளிது: பிஸ்டன் முன்முனையில் இருக்கும்போது உட்புற நுழைவு வால்வு முன்னால் தள்ளியிருக்க வேண்டும், அதாவது பிஸ்டன் போன திசையிலேயே போக வேண்டும். லீவர் ஊசலாடும் தாங்குபின்னாக இருக்கும் ரேடியஸ் ராடின் பின்னுக்குக் கீழே இருக்கும் புள்ளிதான் லீவரின் கீழ்முனையோடு ஒரே திசையில் நகரும். இந்தக் காரணம் தெரிந்தவர் அறிமுகமில்லாத ஓர் எஞ்சினின் முன்னால் நின்றாலும், வெளியே தெரியும் இரண்டு பின்களை வைத்தே உள்ளே இருப்பது எவ்வகை வால்வு என்று சொல்லிவிடுவார்.

7. உண்மையான எஞ்சினில் நிரூபித்துக் காட்டல்

இனி வெளியே வாருங்கள். வலப்பக்கக் கிராங்க்கைப் பிஞ்ச் பாரால் சரியாக முன் டெட் சென்டருக்குக் கொண்டு வந்து, பிரேக்கை இறுக்கிக் கட்டைகளைப் போடுங்கள். வலப்பக்க வால்வு ராடில், அது கிளாண்டுக்குள் (ராடைச் சுற்றி நீராவியை அடைக்கும் பகுதி) நுழையும் இடத்தை ஒட்டிச் சுண்ணக்கட்டியால் மெல்லிய கோடு ஒன்று இடுங்கள். ஒருவர் ஓட்டுநர் நிற்கும் கேபில் ஏறி ரிவர்சரை முழு முன்னோக்கிலிருந்து முழுப் பின்னோக்குவரை மெதுவாகச் சுற்றட்டும். மற்றவர்கள் கோட்டைப் பார்க்கட்டும்.

ரேடியஸ் ராடு லிங்க்கின் அடியிலிருந்து உச்சிவரை ஏறுகிறது. கோடோ கிட்டத்தட்ட அசைவதே இல்லை. லிங்க்கின் வளைவு ரேடியஸ் ராடின் நீளத்தையே ஆரமாகக் கொண்டு வெட்டப்பட்டிருப்பதும், டெட் சென்டரில் லிங்க் தன் ஊசலின் நடுவில் நிற்பதும் இதற்குக் காரணம். ரிவர்சரை எங்கே வைத்தாலும் இந்தக் கியரில் லீட் மாறாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. கோடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நகர்ந்தால், ரிட்டர்ன் கிராங்க் இடம் மாறியிருக்கிறது, அல்லது எக்சென்ட்ரிக் ராடின் நீளம் தவறாக இருக்கிறது, அல்லது பின்களும் புஷ்களும் தேய்ந்திருக்கின்றன. பாடமாகத் தொடங்கியது அங்கேயே பரிசோதனையாகிவிடுகிறது.

அடுத்து, கிராங்க் பின்னை நேர் மேலே கொண்டு வந்து ரிவர்சரை மீண்டும் சுற்றச் சொல்லுங்கள். இந்த முறை கோடு பெரிதாக ஓடும். கிராஸ்ஹெட் நடுவை ஒட்டி இருப்பதால் முதல் அசைவு சுழிக்கு அருகில் இருக்கிறது. தெரிவது முழுக்க இரண்டாம் அசைவு. இப்படி இரண்டு அசைவுகளையும் பிரித்துத் தனித்தனியாகக் கண்ணால் பார்த்தவருக்குக் கூட்டலை மறுபடி விளக்க வேண்டியதில்லை.

8. கட்-ஆஃபும் வெளியேற்ற ஒலியும்

ஓட்டத்தின் எத்தனை விழுக்காட்டில் நீராவி நிறுத்தப்படுகிறதோ அதுதான் கட்-ஆஃப். ரிவர்சரை நடுவை நோக்கிக் கொண்டு வந்தால் அது குறையும். வண்டியைக் கிளப்பும்போது 75 விழுக்காடு அல்லது அதற்கு மேல். ஓட்டம் பிடித்த பிறகு 20 முதல் 30 விழுக்காடு வரை. இதன் பயனை எளிய கணக்கில் காட்டலாம். 75-க்குப் பதிலாக 25 விழுக்காட்டில் நிறுத்தினால் செலவாகும் நீராவி மூன்றில் ஒரு பங்கு. நீராவி விரியும்போது அழுத்தமும் கொள்ளளவும் எதிர்விகிதத்தில் மாறும் என்று கொண்டு, எதிரழுத்தத்தையும் முனைகளில் உள்ள இடைவெளியையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கிடைக்கும் வேலை ஏறக்குறைய 62 விழுக்காடு. உண்மை எஞ்சினில் எண்கள் வேறுபடும். ஆனால் ரிவர்சர் திசை மாற்றுவதற்கு மட்டும் என்று நம்பிக்கொண்டிருந்தவரின் எண்ணத்தை மாற்ற இந்தக் கணக்கு போதும்.

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற நான்கு வெளியேற்ற ஒலிகள். டபிள்யூ.பி. எஞ்சினின் 67 அங்குலச் சக்கரம் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் சுழல்கிறது. ஒலிகள் இருபதைத் தாண்டிவிடும். காதால் பிரிக்க முடியாது. எனவே கேட்கும் பயிற்சியை நடை வேகத்தில் மட்டும் வையுங்கள். நான்கும் ஒரே சீராக ஒலித்தால் வால்வுகள் சரி. தாளம் நொண்டினால் எந்தப் பக்கத்து எந்த முனையில் குறை என்பதைக் கிராங்க்கின் இடத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லப் பழக்குங்கள்.

9. தண்ணீரும் எண்ணெயும்

குளிர்ந்த சிலிண்டரில் நுழையும் நீராவி தண்ணீராகிறது. தண்ணீரைப் பிஸ்டனால் நசுக்க முடியாது. ஓட்டத்தின் முனையில் இருக்கும் வெளியோ மிகக் குறைவு. வெளியேற வழியில்லாமல் போனால் சிலிண்டர் மூடி உடையலாம், பிஸ்டன் ராடு வளையலாம். ஆகவே எஞ்சின் நிற்கும்போதும், கிளம்பிச் சில சுற்றுகள் ஓடும்வரையும் டிரெயின் காக்குகள் திறந்திருக்க வேண்டும். வெளியே வருவது வெண்மையான ஈரப்புகையாக இல்லாமல் தெளிந்த நீராவியாக மாறிய பிறகு மூடுவது சரியான நேரம். காக்குகள் பீய்ச்சும் பக்கத்தில் ஆள் நிற்கிறாரா என்று பார்ப்பது ஓட்டுநரின் வேலை மட்டுமல்ல, கீழே நிற்கும் ஒவ்வொருவரின் வேலையும்.

ரெகுலேட்டரை மூடிய பிறகும் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் பிஸ்டன் பம்புபோல் இழுக்கத் தொடங்கும். புகைப்பெட்டியின் கரித்தூள் வெளியேற்றக் குழாய் வழியே சிலிண்டருக்குள் வரும். கரியும் எண்ணெயும் சேர்ந்து ரிங்கின் பள்ளத்தில் கெட்டியானால் ரிங் விரிவதில்லை. அப்படிப்பட்ட பழைய ரிங் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள்: ஒரு பகுதி கண்ணாடிபோல் மின்னும், அடுத்த பகுதி மங்கிக் கறுத்திருக்கும். மின்னும் இடம் சிலிண்டரைத் தொட்டது. கறுத்த இடத்தில் நீராவி கடந்து போயிருக்கிறது.

10. ஒழுகல் சோதனை

மூன்றாம் நாள் எஞ்சினில் நீராவி இருக்க வேண்டும். பிரேக்கை முழுமையாகப் போட்டு, சக்கரக் கட்டைகளையும் வையுங்கள். வலப்பக்கக் கிராங்க் பின் நேர் மேலே, ரிவர்சர் நடுவில், காக்குகள் திறந்திருக்க வேண்டும். ரெகுலேட்டரைச் சிறிதளவு திறக்கச் சொல்லுங்கள். வலப்பக்க வால்வு இப்போது நடுவை ஒட்டி, இரு போர்ட்டுகளையும் மூடியபடி நிற்கிறது. அந்தப் பக்கத்து இரண்டு காக்குகளும் வறண்டிருந்தால் வால்வு நலம். எதிலாவது நீராவி வந்தால் வால்வு ரிங்கிலோ, வால்வு ஓடும் உள்ளுறையான லைனரிலோ ஒழுகல்.

அதே நேரம் இடப்பக்கத்தில் ஒரு காக்கிலிருந்து நீராவி வரும். அது பழுது இல்லை. இடப்பக்கப் பிஸ்டன் டெட் சென்டரில் இருக்கிறது; லீட் அளவுக்குப் போர்ட் திறந்திருக்கிறது; எனவே பிஸ்டன் நிற்கும் முனையின் காக்கில் நீராவி வந்தே தீரும். ஒரு பணிமனையில் இதைப் பழுதென்று எடுத்துக்கொண்டு, இடப்பக்க வால்வை வெளியே எடுத்து, ஒன்றும் காணாமல் திரும்பப் பொருத்தியதில் இரண்டு நாள்கள் போயின. மூன்றாம் படியை அவசரமாகக் கடந்ததன் விலை அது. இடப்பக்கத்தின் இரண்டாவது காக்கிலும் நீராவி வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வால்வு நலம் என்று தெரிந்த பிறகே பிஸ்டனைச் சோதியுங்கள். கிராங்க்கை அசைக்காமல் ரிவர்சரை முழு முன்னோக்குக்குக் கொண்டு போங்கள். ரெகுலேட்டரைத் திறக்கும் முன், எந்தக் காக்கில் நீராவி வரும் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். சக்கரத்தின் மேற்பகுதி முன்னோக்கிப் போக வேண்டும். கிராங்க் பின் மேலே இருப்பதால் பிஸ்டனும் முன்னோக்கிப் போக வேண்டும். அதற்கு நீராவி பிஸ்டனின் பின்பக்கம் நுழைய வேண்டும். எனவே பின் காக்கு. அதோடு முன் காக்கிலும் நீராவி வந்தால் பிஸ்டன் ரிங்குகள் ஒழுகுகின்றன. வரிசையை மாற்றிப் பிஸ்டனை முதலில் சோதித்தால், வால்வின் ஒழுகலைப் பிஸ்டனின் ஒழுகலாக எண்ணிச் சிலிண்டர் மூடியை வீணாகக் கழற்ற நேரும்.

11. குன்னூர் எஞ்சினுக்குப் போகும்போது

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினைப் பராமரிக்கப் போகிறவர்களுக்கும் இந்தப் பத்துப் படிகளையும் முதலில் சாதாரண இரண்டு சிலிண்டர் எஞ்சினிலேயே கற்பியுங்கள். அந்த எஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு. கீழே உள்ள இரண்டு உயரழுத்தச் சிலிண்டர்கள் ஓடும் சக்கரங்களை இயக்குகின்றன. மேலே உள்ள இரண்டு தாழழுத்தச் சிலிண்டர்கள் பற்சக்கரத்தை இயக்குகின்றன. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, 12.5 அடிக்கு ஓர் அடி ஏறும் பல்தண்டவாளப் பகுதியில், கீழ்ச் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி மேல் சிலிண்டருக்குப் போய் மறுபடியும் வேலை செய்கிறது. மற்றப் பகுதிகளில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும்.

மேல் இயக்கம் பல்லிணை வழியாகப் போவதால் அதன் கிராங்க்குகள் ஓடும் சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் சுழலும். பத்தாம் படியின் கேள்வியை இங்கே அப்படியே கேட்டால், மேல் சிலிண்டருக்கு எல்லோரும் தவறான காக்கைச் சொல்வார்கள். கேட்டுத் தவறவிட்டுத் திருத்துங்கள். சோதனையில் எப்போதும் கீழ்ச் சிலிண்டரிலிருந்து தொடங்குங்கள். கீழே வால்விலோ பிஸ்டனிலோ ஒழுகினால், அந்த நீராவி மேல் சிலிண்டரில்தான் போய்த் தெரியும். மேலே தேடுபவருக்கு அங்கே எந்தக் குறையும் அகப்படாது.